பிளேயரைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் ரைட் செய்த டிவிடி தன் பிளேயரில் ஓடவில்லை என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "லென்ஸ் போயிருக்கும், புதிய பிளேயர் வாங்கிவிடுங்கள்" என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். படித்ததும் வருத்தமாக இருந்தது. விலைக்கு வாங்கிய பட டிவிடிகள் அதே பிளேயரில் ஒழுங்காக ஓடுகின்றன என்று அவர் எழுதியிருந்தாரே! லென்ஸ் தளர்ந்தால் வீட்டு டிஸ்க்தான் முதலில் திணறும், அது சரி. ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் இதில் அடிபட்டவன். பெரியப்பா இறந்த பிறகு, அவர் பேசிச் சிரிக்கும் பழைய வீடியோக்களைத் தேடிச் சேர்த்து ஒரு டிவிடியில் போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை. டிவிக்குக் கீழே இருக்கும் பிளேயரும் ரிமோட்டும்தான் தெரியும். அன்று இரவே போன் வந்தது. "நோ டிஸ்க்னு வருதுப்பா. நான்தான் தலைகீழா போட்டுட்டேனோ? நாலு தடவை துடைச்சுத் துடைச்சுப் போட்டுப் பாத்துட்டேன்." தப்பு என்னுடையது. அவரோ தன்னையே நொந்துகொண்டிருந்தார்.

நான் செய்தது என்ன? போனிலும் கம்ப்யூட்டரிலும் இருந்த எம்பி4 கோப்புகளை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்திருந்தேன். கம்ப்யூட்டர் எதைக் கொடுத்தாலும் விரித்துக் காட்டிவிடும். சாதாரண டிவிடி பிளேயருக்குள் இருக்கும் சிப்புக்கு எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படம்தான் பழக்கம். அதுவும் 720க்கு 576 அளவில் நொடிக்கு 25 பிரேம், அல்லது 720க்கு 480 அளவில் 29.97 பிரேம் என்ற கணக்கில் இருக்க வேண்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இவை விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகளாக 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தால்தான் அது டிவிடி வீடியோ. ரைட் செய்யும் மென்பொருளில் 'டேட்டா டிவிடி' என்பதை விட்டுவிட்டு 'டிவிடி வீடியோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது டிஸ்க்கை அப்படித்தான் செய்தேன். அதுவும் ஓடவில்லை. பிறகு இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே என்று டிஸ்க்கை மூடாமல் விட்டிருந்தேன். 'ஃபைனலைஸ்' செய்யாத டிஸ்க் முற்றுப்பெறாத டிஸ்க். பெரும்பாலான பிளேயர்கள் அதை வெற்று டிஸ்க் போலவே பார்க்கும்.

மூன்றாவது ஓடியது. பெரியம்மா சந்தோஷப்பட்டார். ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் பெரியப்பாவின் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து அப்படியே நின்றுவிட்டது. அதைப் போனில் அவர் சொல்லக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. டிவிடியின் பதிவு நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். படத்தின் முடிவு விளிம்பில்தான் இருக்கும், டிஸ்க்கை எழுதும்போது நேரும் பிழைகளும் அங்கேதான் அதிகம் சேரும். நான் 16 மடங்கு வேகத்தில் எழுதியிருந்தேன். போதாக்குறைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேலே காகித லேபிள் வேறு. சுழலும் டிஸ்க்கில் அது கொஞ்சம் ஒருபக்கமாக ஒட்டியிருந்தாலே தள்ளாட்டம் வந்துவிடும். தயவுசெய்து யாரும் லேபிள் ஒட்ட வேண்டாம், டிஸ்க்குக்கென்றே விற்கும் மார்க்கர் போதும்.

நாலாவதை நல்ல டிவிடி-ஆர் டிஸ்க்கில், அதாவது ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வகையில், 4 மடங்கு வேகத்தில் எழுதினேன். டிவிடி வீடியோவில் படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் வரை அனுமதி உண்டு. அந்த உச்சத்தில் வைத்தால் வீட்டு டிஸ்க்கைப் படிக்க பிளேயர் மூச்சு வாங்கும், 4.7 ஜிபி டிஸ்க்கும் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டியதுமே நிரம்பிவிடும். ஒலியையும் சேர்த்து 5 மெகாபிட்டில் வைத்தேன். இரண்டு மணி நேரப் படம் தாராளமாக அடங்கியது.

அப்புறம் ஆர்டபிள்யூ டிஸ்க் விஷயம். அழித்து எழுதலாம் என்று பலர் அதையே எடுக்கிறார்கள். கடை டிஸ்க்கில் லேசர் ஒளி நன்றாகத் திரும்பி வரும். ஆர்டபிள்யூவில் திரும்புவது 18 முதல் 30 சதவீதம்தான். இரட்டை அடுக்கு டிவிடியின் பிரதிபலிப்பும் ஏறக்குறைய இதே அளவு என்பதால், பழைய பிளேயர்கள் சில ஆர்டபிள்யூவை இரட்டை அடுக்கு டிஸ்க் என்று நினைத்துக் குழம்பிவிடும். டிவிடி பிளஸ்-ஆர் (DVD+R) வகை டிஸ்க் ஓடவில்லை என்றால், ரைட்டர் அனுமதித்தால் 'புக் டைப்'பை, அதாவது டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, கடை டிஸ்க்குக்குரிய 'டிவிடி-ரோம்' என்று மாற்றி எழுதிப் பார்க்கலாம். இதெல்லாம் பார்த்தும் ஓடவில்லை என்றால் அப்போது லென்ஸைத் துடைக்கலாம், பிறகு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று. கல்யாண வீடியோவோ குழந்தையின் முதல் நடையோ, டிஸ்க் எழுதி யாருக்காவது கொடுப்பவர்கள் கம்ப்யூட்டரில் ஓடுவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஒரு தனிப் பிளேயரில் போட்டுக் கடைசி அத்தியாயம் வரை பார்த்த பிறகு கொடுங்கள். நாலாவது டிஸ்க்கை நான் பெரியம்மாவின் பிளேயரிலேயே போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்த வாசகருக்கான பதிலை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். அதற்குள் அவர் பிளேயரை மாற்றியிருக்கக் கூடாதே என்பதுதான் என் கவலை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்