படத்தில் நின்ற 14 பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். உங்கள் இதழை 20 வருடமாக வாசிக்கிறவள் நான். அந்த இடம் சும்மா கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு வரி இருந்தது. "வீட்டு வேலையைத் தவிர வேறெதுவும் அறியாத இந்தக் கிராமத்துப் பெண்களுக்குத் தலைமைப் பண்பை ஊட்டியிருக்கிறது கால்பந்து." நான்கு நாளாகியும் அந்த வரி என்னை விடவில்லை.

16 வருடமாக இந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் கேப்டனுக்கு 15 வயது. அவள் அப்பா வேலை தேடி வெளியூர் போனவர், அம்மா விடியுமுன்னே கூலி வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் பிடிப்பது, தம்பிகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, கையிலிருக்கும் காசில் இன்றைக்கு எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்வது எல்லாம் அவள்தான். அதை முடித்துவிட்டுத்தான் மைதானத்துக்கு ஓடி வருகிறாள். ஒரு வீட்டையே நடத்துகிற பெண்ணைப் பார்த்து "வேறெதுவும் அறியாதவள்" என்று எப்படி எழுத முடிந்தது? அவள் செய்வதற்குத் தலைமை என்று பெயர் உண்டு என்பதை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. குறை அதுதான்.

அப்படியென்றால் கால்பந்து ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதைத்தான் கட்டுரை தொடவே இல்லை. உங்களுக்குத் தெரியாததல்ல, வாலிபாலிலும் கூடைப்பந்திலும் கபடியிலும் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்டு அணியை அருகில் கூப்பிட்டுப் பேசலாம். கால்பந்தில் அது கிடையாது. பாதி ஆட்டம் முடியும்வரை, பெரியவர்கள் ஆட்டமென்றால் 45 நிமிடம், உள்ளே இருப்பவர்கள் தாங்களாகத்தான் முடிவெடுக்க வேண்டும். நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதில் பாதி அவர்கள் காதில் விழாது. எந்த நேரமும் பெரியவர்கள் யாராவது சொன்னபடியே நடந்து பழகிய பெண்ணுக்கு, யாரும் குறுக்கே வந்து சொல்ல முடியாத நேரம் அது ஒன்றுதான்.

கேப்டனைப் பற்றி விதிப்புத்தகம் என்ன சொல்கிறது தெரியுமா? அவருக்குத் தனிச் சலுகையோ அந்தஸ்தோ கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு. இந்த விதியை எங்கள் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். "வீட்ல மூத்த பொண்ணு மாதிரி, இல்ல மிஸ்?" என்றாள் ஒருத்தி. நான் நடத்திய எந்தப் பாடமும் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் புரிந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அரையிறுதி. யாரும் கோல் போடவில்லை. எதிரணி நெருக்கடியே இல்லாத நேரத்தில் அப்போதைய கேப்டன் பந்தை வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே அடித்தாள். ஆட்டம் நின்றது. நான் கோபத்தில் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு பேர் ஓடிப்போய் நடுக்களத்தில் ஆடும் பெண்ணைச் சுற்றி நின்றார்கள். பெஞ்சிலிருந்து ஒருத்தி இன்னொரு ஜெர்சியை எடுத்துக்கொண்டு ஓடினாள், அதை அவள் இடுப்பில் கட்டினார்கள். கேப்டன் நடுவரிடம் போய் ஏதோ சொன்னாள், பிறகு மாற்று வீராங்கனையை அனுப்பச் சொல்லி எனக்குக் கை காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் வந்து ஷார்ட்ஸில் கறை பட்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மைதானத்தைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. படாமல் பார்த்துக்கொண்டவளுக்கு அன்று வயது 14. அந்த ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம். எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை. தலைமைப் பண்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் அந்த ஒரு நிமிடம்தான் ஞாபகம் வருகிறது.

அந்த ஷார்ட்ஸ் வெள்ளை. நன்கொடையாக வந்தது. அடர்ந்த நிறத்தில் கொடுங்கள் என்று பெண்கள் என்னிடம் கேட்டு, நான் கொடுத்தவர்களிடம் கேட்டு, மூன்று வருடம் ஓடியது. படத்தில் வெள்ளைதான் எடுப்பாக இருக்கும் என்று பதில் வந்தது. 2023ல் இங்கிலாந்துப் பெண்கள் அணி இதே காரணத்துக்காக வெள்ளையை விட்டு நீல ஷார்ட்ஸுக்கு மாறியது. அந்தச் செய்தியை வெட்டி அனுப்பிய பிறகுதான் எங்களுக்குக் கருநீலம் கிடைத்தது. உலகக் கோப்பைக்குப் போகிற அணி சொன்னால்தான் எங்கள் பிள்ளைகள் சொன்னதும் உண்மை ஆகிறது. இது எனக்கு ஆறவே இல்லை.

மைதானத்தையும் சொல்லியாக வேண்டும். மாலை நேரம் பையன்களுக்கு, எங்களுக்கு உச்சி வெயில். 16 வருடத்தில் இது மாறவில்லை. போட்டி நடக்கும் இடங்களில் கழிப்பறை இருக்காது, இருந்தால் பூட்டியிருக்கும், அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்து ஆடுகிறார்கள். ஆண்களுக்குச் செய்த பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். முழங்கால் தசைநார் கிழிவது பெண்களுக்குத்தான் அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், எங்களிடம் இரண்டு பேர் அப்படியே ஆட்டத்தை விட்டார்கள். கட்டுரையில் "தடைகளைத் தாண்டி" என்று இரண்டே சொற்களில் கடந்துபோன தடைகள் இவை.

பெண்களின் விருப்பக் குறைவால் வந்த நிலையும் அல்ல இது. 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. அது நீங்க ஐம்பது வருடம் ஆனது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. அதே பிரேசிலில் டோயிஸ் ரியாச்சோஸ் என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பையன்களோடு ஆடி, 14 வயதில் மூன்று நாள் பேருந்தில் ரியோவுக்குப் போனவர்தான் மார்த்தா. ஆறு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். அந்தச் சிறுமிக்குள் துணிவை யாரும் ஊட்டவில்லை. அந்த வயதில் அவரைப் பேருந்தில் ஏற விட்டார்கள், அங்கே ஆட இடம் கொடுத்தார்கள்.

போன வருடம் எங்களுக்கு இரண்டு நாள் தலைமைப் பயிற்சி முகாம் வந்தது. அதற்காக மைதானப் பயிற்சி ரத்து. ஓர் அரங்கில் உட்காரவைத்து, தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து மாலைவரை பேசினார்கள். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கென்யாவில் கிலிஃபி பகுதியில் 2001ல் கிராமத்துச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய கால்பந்து அமைப்பில் பெண்களே கமிட்டி அமைக்கிறார்கள், ஆட்டங்களை நடத்துகிறார்கள், நடுவராக நிற்கிறார்கள். கொலம்பியாவின் மெடெயினில் தொடங்கிய ஒரு முறையில் நடுவரே கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆட்டத்துக்கு முன் உட்கார்ந்து விதிகளைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள், முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து யார் நேர்மையாக ஆடினார்கள் என்று பேசிப் புள்ளி போடுகிறார்கள். முடிவெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவதுதான் இரண்டு இடத்திலும் நடப்பது.

இதில் என் தவறையும் மறைக்கக் கூடாது. முதல் பத்து வருடம் கேப்டனை நான்தான் நியமித்தேன். யார் அதிக கோல் போடுகிறாளோ அவளுக்குக் கைப்பட்டை. பிறகு ஒருநாள் நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று விட்டேன். அவர்கள் பின்னால் நின்று தடுத்து ஆடும் ஒரு டிஃபெண்டரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுவரை ஒரு கோல்கூடப் போடாதவள். ஏன் என்று கேட்டேன். "தப்பு பண்ணினா திட்ட மாட்டா மிஸ், எங்க நிக்கணும்னு சொல்லுவா" என்றார்கள். பத்து வருடம் நான் பார்க்காததை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்த டிஃபெண்டர்தான் அரையிறுதியில் பந்தை வெளியே அடித்தவள்.

"இனி இவர்களை யாராலும் தடுக்க முடியாது" என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். முடிகிறது, ஐயா. சென்ற வருடம் மூன்று பேர் ஆட்டத்தை விட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தி வேலைக்குப் போய்விட்டாள், ஒருத்தியை ஏன் நிறுத்தினார்கள் என்று அவள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு வரியைப் படித்தால் இந்தப் பெண்களுக்கு இனி யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்று தோன்றிவிடும்.

இனி நான் கேட்க வந்தது. படத்தின் கீழே "கோப்பையுடன் சிறப்பு விருந்தினர், மாணவிகள்" என்று போட்டிருந்தீர்கள். விருந்தினரின் பெயரும் பதவியும் முழுதாக வந்திருந்தன. போன மாதம் பையன்கள் அணியின் படம் வந்தபோது 16 பேர் பெயரையும் வரிசையாகப் போட்டீர்கள், அந்த இதழை எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் படத்தில் 14 பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி பெயர்கூட இல்லை. தலைமைப் பண்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, கேப்டன் யார் என்று சொல்லவில்லை.

அதே படத்தை அடுத்த இதழில் சிறிய அளவிலாவது போட்டு, பெயர்களோடு வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை இணைத்திருக்கிறேன். பெண்களே உட்கார்ந்து எழுதியது, வீட்டில் சம்மதமும் வாங்கிவிட்டார்கள். நிற்கிற வரிசைப்படி இடமிருந்து வலம். கோல்கீப்பரின் முகம் மட்டும் கோப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. வலது ஓரத்திலிருந்து மூன்றாவதாக நிற்பவள் அவள். முகம் தெரியவில்லை என்று அவள் பெயரை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
அந்த அணியின் பயிற்சியாளர்