புத்தகத்தின் மேல் நிற்கும் மனிதர்

அன்புள்ள சுந்தரம்,

நான் கிளம்புகிற அன்றுதான் உன் கடிதம் வந்தது. ஆபரேஷன் முடிந்தும் ஒரு கண் தெளியவில்லை, சொல் பட்டியலை மூட்டை கட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மகனோடு மிலானிலிருந்து ரயிலில் வெனிஸ் போனேன். சான் மார்க்கோ சதுக்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தலைகள்தான் தெரிந்தன. தப்பித்துச் சந்துகளில் நடந்து சாந்தோ ஸ்தேஃபனோ திடலுக்கு வந்தால் நடுவில் ஒரு பளிங்குச் சிலை. நிக்கோலோ தொம்மசேயோ. தாடி, கட்டிய கை, குனிந்த தலை. சரி, இன்னொரு தலைவர் என்று பின்பக்கம் போனேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. நீண்ட கோட்டுக்கு அடியில் ஒரு புத்தகக் குவியல்! சிலைக்கு முட்டுக் கொடுக்கச் சிற்பி பார்ட்சாகி வைத்தது. பார்க்கிறவன் கண்ணுக்கோ, மனிதர் நின்ற வாக்கில் புத்தகம் புத்தகமாகப் பேண்டு வைத்த மாதிரி இருக்கிறது. ஊர்க்காரர்கள் விடுவார்களா? 'காகாலிப்ரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அர்த்தம் நான் சொன்னதேதான். சிலை வைத்தது 1882இல், பட்டப்பெயர் இன்னும் போகவில்லை.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 1847 டிசம்பர் கடைசியில், திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அத்தேனியோ வெனெத்தோ என்கிற அறிஞர் சங்கத்தில், அப்போது வெனிஸை ஆண்ட ஆஸ்திரிய அரசின் தணிக்கையை எதிர்த்துப் பேசினார். அடுத்த மாதமே, இவரைப் போலவே அந்த அரசை எதிர்த்த தானியேலே மானினோடு சிறை. மார்ச்சில் ஜனங்கள் திரண்டு போய் இருவரையும் மீட்டார்கள். வெனிஸ் குடியரசானது, இவர் அமைச்சர். 1849 ஆகஸ்டில் முற்றுகையும் பசியும் காலராவும் சேர்ந்து நகரத்தைப் பணிய வைத்தன. இவர் கோர்ஃபு தீவுக்கு நாடு கடந்து போனார். பார்வையும் ஏறக்குறைய போய்விட்டது.

பெரிய இத்தாலிய அகராதி வேலை அதற்குப் பிறகுதான் என்றால் நம்புவாயா? இவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1861இல் வெளிவரத் தொடங்கியது. 1874இல் இறந்தார், கடைசிப் பகுதி 1879இல்தான் வந்தது. அதற்கெல்லாம் வெகு முன்பே, 1830இல், ஒரே பொருள் போலத் தோன்றும் சொற்களுக்குள் என்ன வித்தியாசம் என்று தனியாக ஓர் அகராதி போட்டவர். வாய்க்காலா கால்வாயா என்று ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க நாம் அடித்துக்கொண்டோமே, தண்ணீருக்கு நடுவே நின்று அதை நினைத்துக்கொண்டேன்.

மகன் ரயிலுக்கு நேரமாகிறது என்று பறந்தான். அவசரத்தில் பின்பக்கம் மட்டும் போட்டோ எடுத்தேன், முகம் இல்லை. அனுப்புகிறேன், பேத்திக்குக் காட்டு, ஆனால் பெயரின் அர்த்தத்தைச் சொல்லிவிடாதே. லீவு முடியும்வரை அவள் அங்கேதானே இருப்பாள்? மூட்டையை அவிழ். நீ சொல்லு, அவள் எழுதட்டும். 'அ' வரிசையில் எத்தனை தேறியது என்று அடுத்த கடிதத்தில் எழுதச் சொல்.

அன்புடன்,
ராமு