பின்னால் ஒரு பாரம் தொங்கட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதையும், உனக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதையும் படித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பா அறுப்பு முடிந்து வைக்கோலும் போர் ஏறிவிட்டது. ஏரி வற்ற ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் போனால் வண்டல் அடிக்க இறங்கலாம்.

நீ சின்ன டிராக்டர் எடுத்து முன்னால் பக்கெட்டால் மண் அள்ளும் லோடரும் மாட்டியிருக்கிறாய் என்பது எனக்கு நிஜமாகவே பெரிய சந்தோஷம். 25 அடி இடைவெளித் தென்னந்தோப்புக்குள் பெரிய வண்டியை விட்டால் மட்டையிலும் பாத்தியிலும் இடித்துக்கொண்டே இருக்கும். உனக்கு இந்த அளவு வண்டிதான் சரி. ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே: "பக்கெட் நிறைய மண் அள்ளினால் பின்சக்கரம் தூக்குகிறது. இரண்டு ஆளைப் பின்னால் கலப்பை மாட்டும் லிங்க் மேல் ஏறி நிற்கச் சொன்னால் அடங்கிவிடுகிறது" என்று. அதைப் படித்துவிட்டுத்தான் அன்று ராத்திரியே போன் செய்து, யாரையும் பின்னால் ஏற்றாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதிதான் நிற்கும். எழுதினால் பையனும் எடுத்து வைத்துப் படிப்பான்.

போன வருஷம் நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை. வீட்டிலும் ரொம்ப நாள் சொல்லவில்லை. வண்டல் அள்ளிக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து வயல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். சரிவு அப்படி ஒன்றும் செங்குத்து இல்லை, தினமும் மாடு இறங்குகிற தடம்தான். பாதியில் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் இரண்டும் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. நின்ற சக்கரம் மண்ணில் வழுக்கிக்கொண்டே வருகிறது, முன்பாரம் கீழே இழுக்கிறது. சட்டென்று லோடர் லீவரைத் தள்ளிப் பக்கெட்டைத் தரையில் இறக்கினேன். அது மண்ணைக் குத்திக்கொண்டு நின்றதால்தான் வண்டியும் நின்றது. அதற்கு நாலடி தள்ளிக் கருவேல மரம், அதன் நிழலில் களைக்கு வந்த இரண்டு பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாலடி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றைக்குத்தான் ஒன்று எனக்கு உறைத்தது. நம் வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். கால் பிரேக், கை பிரேக் எல்லாமே அங்கேதான் பிடிக்கும். பின்சக்கரம் மண்ணை அழுத்தி நின்றால்தான் அந்தப் பிடிப்புக்கு அர்த்தம். முன்னால் பாரம் ஏற ஏறப் பின்பக்கம் இலேசாகிறது, இலேசானதும் பிரேக்கே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. சக்கரம் தூக்கினால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். அதற்கு ரொம்ப முன்னாடியே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஆபத்து ஆரம்பித்துவிடுகிறது. ஃபோர் வீல் லீவரைப் போட்டிருந்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடித்திருக்கும். அன்று நான் போடவில்லை. இப்போது லோடர் வேலை என்றால் சரிவில் அந்த லீவரைப் போடாமல் இறங்குவதில்லை.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உனக்கு இது பிடிக்கும், பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் நீதானே முதல். நெல் லாரி எடை போடும் மேடைக்கு வண்டியை ஓட்டிப்போய்ப் பின்சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தினேன். லோடர் மாட்டி, பக்கெட் தரையில் இருக்கும்போது பின்பக்கம் 450 கிலோ காட்டியது. என் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும், அதாவது முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும், நடுவே 5 அடி. பக்கெட்டின் நடுப்பகுதி முன் ஆக்சிலுக்கு 4 அடி முன்னால் நிற்கிறது. பக்கெட்டும் மண்ணும் சேர்ந்து 300 கிலோ என்று வை. முன் ஆக்சில்தான் இங்கே நெம்புகோலின் தாங்குமுனை, அதனால் 300ஐ 4ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 240. அவ்வளவு எடை பின்பக்கத்திலிருந்து போய்விடுகிறது. மிச்சம் 210 கிலோ, இரண்டு டயருக்கும் சேர்த்து! அதுவும் சமதளத்தில். இறக்கத்தில் இன்னும் குறையும். பின்னால் போனது காணாமல் போய்விடுவதில்லை, முன்னால்தான் ஏறுகிறது. பக்கெட்டின் 300ம் இந்த 240ம் சேர்ந்து 540 கிலோ முன் ஆக்சில் தலையில். ஸ்டியரிங் கனமாவதும், முன்பக்க ஆயில் சீல் அடிக்கடி போவதும், பேரிங் தேய்வதும் இதனால்தான். எனக்கு ஒரு வருஷத்தில் இரண்டு சீல் போனது. லோடரை விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

நம் ஊர்க் கிணற்றில் ஏற்றம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? துலாவின் அடிப்பக்கம் பெரிய கல்லைக் கட்டியிருப்பார்கள், சால் நிறையத் தண்ணீர் இருந்தாலும் ஒரு ஆள் இழுத்துவிடலாம். பெரிய ஏற்றத்தில் கல்லுக்குப் பதில் ஆளே துலா மேல் நடப்பான். உன் பையன் இரண்டு ஆளை ஏற்றியது அந்த யோசனைதான், யோசனையில் தப்பே இல்லை. ஆனால் துலா மேல் நடந்தவனுக்குக் கீழே சுழலும் சக்கரம் கிடையாது. இங்கே ஒரு குலுக்கலில் கால் வழுக்கினால் விழுகிற இடம் பின் டயருக்குப் பக்கத்தில், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றுகிற பி.டி.ஓ. தண்டுக்குப் பக்கத்தில். தூக்கின சக்கரம் திடீரென்று தரையில் விழும்போது அடிக்கிற அடியில் நிற்கவும் முடியாது. அதனால் கல்லையே கட்டு.

நான் கட்டிய கல் இதுதான். 200 லிட்டர் ஆயில் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்தேன். கான்கிரீட் ஒரு லிட்டர் ஏறக்குறைய 2.4 கிலோ, ஆக அரை டிரம் 240 கிலோ வரும். பழைய டிரம் என்றால் அறுப்பதற்கு முன் உள்ளே ஆவி இல்லாதபடி நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு அறுக்கச் சொல், வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும். டிரம்முக்குக் குறுக்கே ஒரு இரும்புத் தண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் லேத்தில் 22 மில்லிக்குக் கடைந்தேன். வண்டியின் பின்பக்கக் கைகளான கீழ் லிங்க் இரண்டும் அதில்தான் மாட்டும். அந்தத் தண்டிலிருந்தே இரண்டு பட்டா இரும்பை நிமிர்த்தி வெல்டு வைத்து, ஒன்றரை அடி உயரத்தில் 19 மில்லி முளை மாட்டத் துளை போட்டேன். அது மேலே நடுவில் பிடிக்கிற டாப் லிங்குக்கு. டாப் லிங்க் இல்லாமல் தொங்கவிட்டால் டிரம் தண்டைச் சுற்றிப் புரண்டுவிடும், அதை மட்டும் விட்டுவிடாதே. உள்ளே நாலைந்து கம்பித் துண்டுகளையும் கட்டி, சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டு நாலு கலவையில் நிரப்பினேன். ஒரு மூட்டை சிமென்ட்டில் மிச்சமே இருந்தது. வைக்கோல் பிரியைச் சுற்றிப் பத்து நாள் தண்ணீர் விட்டோம். 28 நாள் கழித்துத்தான் தூக்கினேன். அவசரப்பட வேண்டாம்.

இப்போது கணக்கைப் பார். கல் பின் ஆக்சிலுக்கு 3 அடி பின்னால் தொங்குகிறது. இப்போது பின் ஆக்சில்தான் தாங்குமுனை, 240ஐ 3ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 144. அவ்வளவு எடையை முன் ஆக்சிலிலிருந்து அது எடுத்துவிடுகிறது. பின்னால் 240ம் 144ம் சேர்ந்து 384 கூடுகிறது. 210 என்று நின்ற இடத்தில் இப்போது 594. முதல் நாள் அதே கரையில் இறங்கிப் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன், தொட்ட இடத்திலேயே வண்டி நின்றது. கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டயரில் தண்ணீர் நிரப்பினால் போதாதா என்று உன் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல யோசனைதான், நானும் நிரப்பியிருக்கிறேன். வால்வை மேலே வரும்படி நிறுத்தி அந்த மட்டம் வரை, முக்கால் டயர். என்னுடைய டயருக்கு ஒன்றுக்கு 100 லிட்டர் பக்கம் பிடித்தது, எடை தாழ்வாக நிற்பதால் வண்டி கவிழ்வதற்கும் பயம் குறைகிறது. பனி உறைகிற நாடுகளில் உப்புக் கரைசல் கலக்க வேண்டியிருக்கும், அது ரிம்மை அரிக்கும். நமக்கு நல்ல தண்ணீரே போதும். ஆனால் அந்த எடை நேராகப் பின் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, முன் ஆக்சிலின் சுமையை ஒரு கிலோகூடக் குறைக்காது. ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளித் தொங்குகிற எடை மட்டுமே அதைச் செய்யும். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைப் பின்னால் மாட்டிக்கொண்டும் ஓட்டலாம், எடை உண்டு. உன் தோப்பில் திரும்பும்போது அது மரத்தில் இடிக்கும் என்பதால்தான் கட்டையான கல்லைச் சொல்கிறேன். முன் பம்பரில் இரும்பு எடை ஏதாவது இருந்தால் லோடர் வேலைக்கு அதைக் கழற்றிவிடு.

கல் இருக்கிறது என்று பக்கெட்டை உயர்த்தி ஓட்டக் கூடாது என்றும் பையனிடம் சொல். முன் ஆக்சில் நடுவில் ஒரே முளையில் ஆடுவது, வண்டி பக்கவாட்டில் சாய ஆரம்பிக்கும்போது அது தாங்கிப் பிடிக்காது. பக்கெட் தரையிலிருந்து ஒரு அடியில் போகட்டும். சரிவில் பாரத்தோடு இறங்க வேண்டுமென்றால் ரிவர்ஸில், பக்கெட் மேட்டுப் பக்கம் பார்க்கும்படி. நார்க்கழிவு அள்ளிய கையோடு ஈர மண்ணை அள்ளும்போது அதே பக்கெட்டில் இரட்டை எடைக்கும் மேல் வரும், அதுவும் மனதில் இருக்கட்டும். லோடர் வேலை முடிந்தால் கல்லைக் கழற்றி வை. லோடரையும் கழற்றிவிட்டுக் கல்லோடு மேடு ஏறினால் முன்பக்கம் தூக்கும். உன் வண்டியின் பின்பக்க லிங்க்கைத் தூக்கும் லிப்ட் எத்தனை கிலோ தூக்கும் என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு அதற்குள்ளாகக் கல்லை ஊற்று.

இந்த விஷயத்தில் ரொம்ப எழுதிவிட்டேன் போல. பரவாயில்லை, அந்த இரண்டு ஆட்களும் ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டியவர்கள், உன் பையனும்தான்.

என் பெரியவள் வைகாசியில் வருகிறாள். அப்போது நீங்கள் எல்லோரும் நாலு நாள் வந்து இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை செய். உன் வண்டியின் கீழ் லிங்க் துளை, டாப் லிங்க் துளை, இரண்டு கீழ் லிங்குக்கும் நடுவே உள்ள அகலம், இந்த மூன்றையும் அளந்து எழுது. என் லேத்துக்காரரிடம் தண்டையும் பட்டாவையும் செய்து பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். டிரம்மும் சிமென்ட்டும் மட்டும் நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைக் கூட்டாளி