வார்சாவிலிருந்து, இடதுசாரிகள் பற்றி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர் ஆரம்பித்துவிட்டது.

போலந்தில் இடதுசாரிகள் ஏன் இப்படித் தேய்ந்துபோனார்கள் என்று கேட்டிருந்தாய். கம்யூனிஸ்ட் ஆட்சி மேல் இருந்த வெறுப்புதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய கட்சி 1990 ஜனவரியில் கலைந்தது. அதன் வாரிசுகள் சேர்ந்து அமைத்த எஸ்.எல்.டி. என்ற இடதுசாரிக் கூட்டணி 1993 தேர்தலிலேயே முதலிடம் பிடித்தது. 1995-இல் அவர்களுடைய க்வாஷ்னியெவ்ஸ்கி, கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் முன்னாள் தலைவர் வலேசாவையே தோற்கடித்து ஜனாதிபதி ஆனார். 2001-இல் எஸ்.எல்.டி. கூட்டணிக்கு 41 சதவீதம். வெறுத்தவர்களா இப்படி ஓட்டுப் போடுவார்கள்?

எல்லாம் கெட்டது அதற்கு அப்புறம்தான். எஸ்.எல்.டி.யின் லெஷெக் மில்லர் பிரதமராக இருந்தபோது ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் அவர் அரசு தொழில் நடத்துகிறவர்களுக்கு 19 சதவீத ஒரே வரி என்று சலுகை கொடுத்தது. இராக்குக்குப் படை அனுப்பியது. சட்டத்தைச் சாதகமாக மாற்றித்தர ஒரு பத்திரிகை நிறுவனத்திடம் ரிவின் என்ற சினிமா தயாரிப்பாளர் பேரம் பேசிய ஊழலும் அப்போதுதான் வெடித்தது. 2005-இல் 11 சதவீதம்தான் மிஞ்சியது.

எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் உர்சுஸ் டிராக்டர் ஆலையில் வேலை பார்த்தவர். 1976-இல் விலையேற்றத்தை எதிர்த்துத் தண்டவாளத்தில் இறங்கி ரயிலை மறித்தார்களே, அந்த ஆலை. அவர் ஓட்டு இப்போது ‘சட்டமும் நீதியும்’ என்ற வலதுசாரிக் கட்சிக்கு. ஏன் என்று கேட்டேன். பேரனுக்கு மாதம் 500 ஸ்லாட்டி கொடுத்தார்கள், எனக்குப் பதின்மூன்றாம் மாதப் பென்ஷன் கொடுத்தார்கள் என்று விரல் மடக்கி எண்ணிக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. இதெல்லாம் நம்மவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை இல்லையா?

போதாக்குறைக்கு ஒற்றுமையும் இல்லை. 2015 தேர்தலில் நாடாளுமன்றத்துக்குள் நுழையக் கூட்டணிகளுக்கு 8 சதவீதம் தேவை. இடதுசாரிக் கூட்டணி 7.55-இல் நின்றுவிட்டது. தனியாக நின்ற ராஸெம் என்ற புதுக் கட்சி 3.6 வாங்கியது. நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு இடதுசாரி கூட இல்லை. வலதுசாரிகள் 37.6 சதவீதத்திலேயே தனிப் பெரும்பான்மை பெற்றார்கள். 2025 ஜனாதிபதித் தேர்தலிலும் அதே கதைதான்: சாண்ட்பெர்க், பியேயாத், செனிஷின் என்று மூன்று வேட்பாளர்கள். மூவரும் சேர்ந்தே 10 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டினார்கள்.

ஆனால் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் சாண்ட்பெர்க் இரண்டாம் இடம் வந்தார். வீட்டு வாடகை, நிரந்தரமில்லாத வேலை பற்றியே பேசினார். பிரதமர் டுஸ்கின் அரசில் இருக்கும் இடதுசாரிகளும் சும்மா இல்லை. இறந்துபோன கணவரின் பென்ஷனில் ஒரு பங்கு மனைவிக்கு அவருடைய பென்ஷனோடு சேர்ந்து கிடைக்க வழி செய்தார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு இப்போது அது வருகிறது. யார் கொண்டுவந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன்.

உங்கள் சங்கத் தேர்தல் என்ன ஆயிற்று? விவரமாக எழுது.

அன்புடன்,
சேகர்