தேர்ச்சி விழுக்காடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பெருநகரப் பள்ளி மாவட்டங்களில் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்துவிட்டதாக வரும் செய்திகளில் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கிறது: தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை விழுக்காடு என்பது. அதை மட்டும் வைத்துப் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது.

நியூயார்க் நகரில் 2009இல் 3 முதல் 8ஆம் வகுப்பு வரை கணக்கில் தேர்ச்சி 82 விழுக்காடு. மறு ஆண்டு அது 54. ஆங்கிலத்தில் 69ஆக இருந்தது 42 ஆனது. ஓராண்டில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடவில்லை. கேள்விகள் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டதால் மாநிலக் கல்வித் துறை தேர்ச்சிக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணை உயர்த்தியிருந்தது. அப்படியானால் அதற்கு முன் கொண்டாடிய உயர்வில் எவ்வளவு உண்மையான கற்றல்?

கட்-ஆஃப் மாறாத ஆண்டுகளிலும் இந்த எண் ஏமாற்றும். தேர்ச்சிக் கோடு 650 என்று வைத்துக்கொள்வோம். 648இலிருந்து 651க்கு வந்த பிள்ளையால் தேர்ச்சிக் கணக்கில் ஒன்று கூடும். 560இலிருந்து 620க்கு ஏறிய பிள்ளையின் உழைப்பு எங்கும் பதிவாகாது. பள்ளிகளுக்கு இது தெரியும் என்பதால் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களுக்கே தனிப்பயிற்சி போய்ச் சேர்கிறது. மிகவும் பின்தங்கியவர்கள், உதவி அதிகம் தேவைப்படுகிறவர்கள், கைவிடப்படுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறில்லை. ஆகவே சராசரி மதிப்பெண் எவ்வளவு ஏறியது, கடைசி 10 விழுக்காட்டு மாணவர்கள் எவ்வளவு ஏறினார்கள் என்று கேட்க வேண்டும்.

ஒப்பீடு யாரோடு என்பதும் முக்கியம். இந்த ஆண்டின் 4ஆம் வகுப்பும் சென்ற ஆண்டின் 4ஆம் வகுப்பும் வெவ்வேறு பிள்ளைகள். 3ஆம் வகுப்பில் பலரை நிறுத்திவைத்தால், யாரும் புதிதாக எதுவும் கற்காமலே அடுத்த ஆண்டு 4ஆம் வகுப்பின் சராசரி உயரும். பின்தங்கியவர்கள் எழுதாமல் போனாலும் சராசரி உயரும் என்பதால், தேர்வு எழுதியவர்களின் பங்கையும் பார்க்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டம் 95 விழுக்காட்டை எதிர்பார்க்கிறது. விடைத்தாள்களில் யாரேனும் கைவைத்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அட்லாண்டாவில் 2009 தேர்வின் விடைத்தாள்களில் தவறான விடைகள் அளவுக்கு மீறி அழித்துத் திருத்தப்பட்டிருந்ததை ஆராய்ந்துதான், 44 பள்ளிகளில் மோசடி நடந்ததாக 2011இல் மாநில விசாரணை அறிக்கை சொன்னது.

சரிபார்க்க நல்ல வழி, 'நேப்' எனப்படும் தேசிய மதிப்பீடு. 2002 முதல் சில பெருநகர மாவட்டங்களுக்குத் தனி முடிவு வருகிறது. 4, 8ஆம் வகுப்புகளில் மாதிரியாகத் தேர்ந்தெடுத்த மாணவர்கள் எழுதுகிறார்கள். அளவுகோல் 0 முதல் 500 வரை. மாணவருக்கோ பள்ளிக்கோ தனி மதிப்பெண் கிடையாது, எனவே இதற்கென்று யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. மாநிலத் தேர்வில் பாய்ச்சலும் நேப்பில் தேக்கமும் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இது மாதிரிக் கணக்கெடுப்பு. ஒரு மாவட்டத்தின் 2, 3 புள்ளி உயர்வு பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். உண்மையான மாற்றம் என்று சொல்லத்தக்க எண்களின் அருகே அதன் அட்டவணைகளில் உடுக்குறி (*) இருக்கும். அந்தக் குறி இல்லாத உயர்வைத் தலைப்புச் செய்தியாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்