நடிகை என்றால் மட்டும் இளக்காரமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சினிமாவிலிருந்து ஒரு பெண் அரசியலுக்கு வந்தால் 'கூட்டம் சேர்க்க வந்தவர்' என்று எங்கள் நெல்லை மாவட்டத்து முக்கூடல் பக்கம் டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நடிகர் வந்தாலோ, அடுத்த முதல்வர்! 1983 திருச்செந்தூர் இடைத்தேர்தலில் (அப்போது அது நெல்லை மாவட்டம்தான்) பிரசாரம் செய்த ஜெயலலிதா, 1989-ல் எதிர்க்கட்சித் தலைவர், 1991-ல் முதல்வர். அவர் ஆட்சியில் எனக்குக் குறைகளும் உண்டு, அது வேறு கதை. ஆனால் 1992-ல் மகளிர் காவல் நிலையம் வந்ததும் அவர் காலத்தில்தான்.

சரி, இப்போது வரும் நடிகைகளிடம் என்ன கேட்பது? இங்கே பீடி சுற்றும் பெண்கள் மடியில் சுளகை வைத்து, இலையை வெட்டி, புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதிலும் சரியில்லை என்று, பீடியைக் கொடுக்கும் கடையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். பிரசார வேனிலிருந்து கையசைத்துவிட்டுப் போகாமல், திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கேட்பவர் யாரானாலும் தாராளமாக ஓட்டுக் கேட்கட்டும். கட்சிகளும் மேடைக்கு மட்டும் நடிகைகளைக் கூப்பிடாமல், ஜெயிக்கிற தொகுதியாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகி, முக்கூடல்