முழுக்கைச் சட்டை

கடலூர் முதுநகர்
சித்திரை 20

தம்பி,

அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. நீ அனுப்பிய பணம் வந்தது. இவ்வளவு வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது.

போன ஞாயிறு வீடியோவில் சின்னவன் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். ஓசூரில் குளிராக இருக்கும், சரி.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் என்னோடு நடக்கிற விலங்கியல் வாத்தியாரிடம், 13 வயதுப் பையன்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று பொதுவாகத்தான் கேட்டேன். 6 வயதுக்குள்ளேயே மூளை பெரியவர்கள் அளவில் 90 சதவீதம் வந்துவிடுமாம். அளவு வந்தால் போதுமா, லைன் இழுக்க வேண்டாமா? நரம்பு இழைமேல் மையலின் என்ற கொழுப்பு உறை ஏறினால்தான் செய்தி வேகமாக ஓடும். பின்மண்டையில் அந்த வேலை சீக்கிரம் முடிகிறது. யோசித்துச் செய்கிற, கோபத்தை அடக்குகிற நெற்றிப் பக்கத்தில் முடிய 25 வயது ஆகிவிடும். தானே புயலுக்கு அப்புறம் நாங்கள் கம்பி இழுத்த மாதிரிதான். ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் டேங்குக்கும் முதலில், முந்திரிக்காட்டு ஊர்களுக்குக் கடைசியில். இருட்டில் கிடந்த ஊரை நாங்கள் திட்டவில்லை. அவர்கள்தான் எங்களைத் திட்டினார்கள்.

1999இல் ஜே கீட் என்பவரின் குழு ஒரே பிள்ளைகளை வருஷக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததாம். மூளையின் நெற்றிப் பக்கத்துச் சாம்பல் பகுதி 12 வயதுவாக்கில் தடித்து, பிறகு மெலிகிறது. மெலிவது கெடுதல் இல்லை. முந்திரிக்குக் கவாத்து செய்கிற மாதிரி, புழங்காத இணைப்புகள் கழிந்துபோகின்றன. அதனால் அவனிடம் மெதுவாகப் பேசு.

இன்னொன்றும் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு மூளையில் பக்கத்துப் பக்கத்து இடங்கள்தான் நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும், தூரத்து இணைப்பு வயது ஏற ஏறத்தான் பலப்படும் என்று முதலில் எழுதினார்களாம். 2012இல் பார்த்தால், மெஷினுக்குள் பிள்ளைகள் தலையை அசைத்ததிலேயே அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. வித்தியாசம் இல்லாமல் இல்லை, ஆனால் நினைத்த அளவு இல்லை. பிள்ளை அசைந்ததற்கு மூளையைக் குறை சொல்லியிருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

உன்னளவு படித்தவன் நம் வம்சத்திலேயே இல்லை. உனக்கு நான் பாடம் எடுக்கவில்லை. மெதுவாகப் பேசு, அவ்வளவுதான். மார்க் வரும்.

மஞ்சள் சைக்கிள் தொலைந்த அன்று உனக்கு 14 வயது. வேலைப் பையில் கிடந்த ஒயர்த் துண்டால் அடித்தேன். கறுப்பு உறை போட்ட ஒயர், முழம் நீளம்கூட இராது. அன்று உனக்கில்லை தம்பி, 38 வயதில் எனக்குத்தான் நெற்றிப் பக்கம் லைன் இல்லை. மறுநாள் காலை இடக்கையில் மூன்று கோடு. முழுக்கைச் சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன், மணிக்கட்டுப் பொத்தானையும் நானே போட்டேன். நீ கையை நீட்டிக்கொண்டு நின்றாய். பரிசல் துறையில் வழுக்கி விழுந்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இதுவரைக்கும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நானும் உன்னிடம் கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

அடுத்த ஞாயிறு போனை அவனிடம் கொடு. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்.

அப்பா